அறுநூறு நாள் சம்பளம்

முப்பது வருடம் பால்மரம் வெட்டிய ஒருவரைத் தோட்டத்தை விட்டு அனுப்ப எவ்வளவு செலவாகும்? சட்டமே விலை எழுதி வைத்திருக்கிறது. மலேசியாவில் 1980ஆம் ஆண்டின் வேலைநீக்கப் பயன் விதிமுறைகளின்படி, ஐந்து வருடத்துக்கு மேல் உழைத்தவருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 20 நாள் சம்பளம். முப்பதை இருபதால் பெருக்கினால் அறுநூறு நாள். என் அப்பாவுக்கு அப்போது நாளுக்கு 18 வெள்ளி. ஆக மொத்தம் 10,800 வெள்ளி. அதைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கி, லயத்து வீட்டின் சாவியையும் வாங்கிவிட்டால் தோட்டம் காலி. காலியான தோட்டத்துக்குத்தான் சந்தையில் நல்ல விலை.

இன்று என் வீட்டுக் கடனுக்கு மாதத் தவணை 1,731 வெள்ளி. அப்பாவின் முப்பது வருடம் என்னுடைய ஆறு மாதத் தவணைக்கு வரும். ஏழாம் மாதத்துக்குப் பத்தாது.

இந்த லட்சணத்தில், கோலா சிலாங்கூரிலும் ரவாங்கிலும் மண்டபம் பிடித்து, கோட்டு போட்டுக்கொண்டு வந்து எங்களுக்குப் பாடம் எடுக்கிறார்கள். "நம்ம இந்தியர்களுக்கு முதலீடு பண்ணத் தெரியலைங்க. தங்கம் வாங்குவாங்க, காரு வாங்குவாங்க, கல்யாணத்துல கொட்டுவாங்க. நிலத்துல போட மாட்டாங்க." கூட்டம் வெட்கப்பட்டுச் சிரிக்கிறது. இடம் பார்த்து வாங்கு, வாடகை வரவைப் பார், வங்கிக்காரன் பணத்தில் வாங்கு, செலவைக் கூட்டிக் கழித்துப் பார் என்று பேச்சாளர் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். எனக்கு வயிறு எரிகிறது. எங்களுக்கா கணக்கு தெரியாது? பால் எத்தனை ராத்தல், கட்டிப்பால் எத்தனை, ஒட்டுப்பால் எத்தனை என்று கிராணி எழுதும்போதே மனக்கணக்கில் பிடித்துச் சண்டை போட்ட பெண்கள் எங்கள் லயத்தில் இருந்தார்கள். பேர் எழுதத் தெரியாது, கைநாட்டுதான். ஆனால் ஒரு காசு விடமாட்டார்கள்.

நிலத்தில் போடத் தெரியாதவர்களா நாங்கள்? சரித்திரத்தைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பியபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். துண்டாடல் என்று அன்று எல்லோர் வாயிலும் அதுதான் பேச்சு. 1951 முதல் 1960 வரை நடந்ததை ஆராய்ந்து பொருளியலாளர் உங்கு அசிஸ் குழு அறிக்கையே கொடுத்தது. அதற்கு முன்பே, 1960இல், அன்றைய ம.இ.கா. தலைவர் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். தோட்டம் தோட்டமாகப் போய்க் கேட்டார்கள், மரம் வெட்டுகிறவன் கொடுத்தான். 1961இலேயே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள். கூலிக்காரன் தன் சம்பளத்தில் பத்து வெள்ளியை எடுத்து வைத்துத் தோட்டத்தையே வாங்கினான் என்றால், நிலத்தில் போடுவது என்றால் என்னவென்று அவனுக்குச் சொல்லிக்கொடுக்க யாரய்யா நீ?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அது ஆறாத புண். 1980-களில் மைக்கா ஹோல்டிங்ஸ் வந்தது. இனத்துக்கே ஒரு நிறுவனம் என்றார்கள். சுமார் 66,000 பேர், 10 கோடி வெள்ளிக்கு மேல் போட்டார்கள். தாலிக்கொடியை அடகு வைத்துப் போட்டவர்கள் உண்டு. 2010இல் அந்த ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 காசு கொடுக்க ஒருவர் முன்வந்தபோது, கிடைத்தவரை போதும் என்று வாங்கிக்கொண்டவர்கள்தான் அதிகம். ஒரு தலைமுறை காத்திருந்ததற்குக் கிடைத்தது இருபது காசு நட்டம். இதற்குப் பிறகும் எங்கள் ஆள் பணத்தைத் தலையணைக்குள் வைத்தால் அது அறியாமையா? பட்டவன் பயப்படுகிறான்.

சரி, நிலத்துக்கு வருவோம். எங்கள் நிலம் என்று சொல்ல வாய் வருகிறது, பட்டாவில் பேர் இல்லை.

கோலா சிலாங்கூர் வட்டாரம் சாதாரண மண் இல்லை. ஆன்றி பொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர் போட்டார். 1917இல் தென்னமாரம் தோட்டத்தில் செம்பனை நட்டார். நாட்டிலேயே வணிகத்துக்காக நட்ட முதல் செம்பனைத் தோட்டம் அதுதான். இந்த அனுபவத்தை வைத்து நாவல் எழுதி 1930இல் பிரான்சின் கொங்கூர் பரிசும் வாங்கினார். 2017இல் செம்பனைக்கு நூறு வயது என்று நாடு விழா எடுத்தது. அந்த மரங்களை நட்ட கைகளுக்கும், குலை வெட்டிய கைகளுக்கும், முள் குத்திச் சீழ் பிடித்த கால்களுக்கும் நூறு வயது ஆனதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. காடாகக் கிடந்தபோது இந்த நிலத்துக்கு என்ன விலை? சொற்ப வரிதான். அதைத் தோட்டமாக்கிய பிறகு? அதை மனையாக மாற்றிய பிறகு? இந்த மூன்று விலைக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் ஆகாயத்திலிருந்து விழுந்ததா?

"தோட்டத்தில்தான் வீடு இலவசம் ஆச்சே, தண்ணி இலவசம், அதுக்கு மேல என்ன கேக்குறீங்க?" என்று படித்தவர்கள்கூடக் கேட்கிறார்கள். எங்கள் சொந்தக்காரர்களே கேட்கிறார்கள். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நிதானமாகப் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன்.

அந்த வீடு இலவசம் இல்லை. சம்பளப் பேச்சு நடக்கும் போதெல்லாம் முதலாளி பக்கம் வைத்த வாதம் என்ன? வீடு கொடுக்கிறோம், தண்ணீர் கொடுக்கிறோம், ஆயாக் கொட்டகை இருக்கிறது, மருந்துக்கு டிரஸர் இருக்கிறார், அதனால் சம்பளம் இவ்வளவு போதும் என்பதுதானே? வெளியே ஆலையில் வேலை பார்த்தவன் வாங்கியதைவிட எங்கள் ஆள் குறைவாக வாங்கினான். அந்தக் குறைவுதான் வாடகை. மாதா மாதம், சம்பளக் கவருக்குள் வராமலே பிடித்துக்கொண்ட வாடகை. முப்பது வருடம், சில குடும்பங்களில் மூன்று தலைமுறை. இதே தொகையை வங்கியில் தவணையாகக் கட்டியிருந்தால் வீடு அவன் பேரில் இருந்திருக்கும். லயத்தில் கட்டியதால் வேலை போன அன்றே வீடும் போனது.

1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம் முதலாளிக்குப் பல கடமைகளைச் சொல்கிறது. குடியிருப்பு எப்படி இருக்க வேண்டும், தண்ணீர், கழிப்பறை, ஆயாக் கொட்டகை எல்லாம் உண்டு. நல்ல சட்டம்தான். ஆனால் அது வேலையில் இருப்பவனுக்கான சட்டம். வேலை முடிந்த பிறகு, அதே கூரையின் கீழ் அவன் யார்? வழக்கறிஞர் கடிதத்தில் அவனுக்கு ஒரு பேர் வைத்திருப்பார்கள், படித்துப் பாருங்கள். அத்துமீறிக் குடியிருப்பவன். தாத்தா அந்த வாசலில் செத்தார், அப்பா அந்த வாசலில் பிறந்தார், பேரன் அத்துமீறிக் குடியிருக்கிறான்!

எங்கள் தோட்டத்தின் பேரையும் வாங்கிய கம்பெனியின் பேரையும் நான் எழுதப்போவதில்லை. பேரை மாற்றிப் போட்டாலும் பக்கத்துத் தோட்டத்துக்காரன் இதைத் தன் கதை என்றுதான் படிப்பான். வாங்கும்போது கூட்டம் போட்டார்கள். மேனேஜர் பேசினார், தலைவர் பேசினார். வீடு கட்டித் தருவோம் என்று சொன்னார்கள். கை தட்டினோம். எழுத்தில் எதுவும் இல்லை. இரண்டு தேர்தல் போனது. பிறகு வெளிநாட்டுக் குத்தகை ஆட்கள் வந்தார்கள். பெரட்டுக்கு நம் ஆட்களின் பேர் கூப்பிடுவது ஒவ்வொன்றாக நின்றது. கடைசியில் அறுநூறு நாள் சம்பளம் வந்தது. மாட்டை என்ன செய்வது என்று அம்மா கேட்டாள். தாமான் குடியிருப்பில் மாடு வளர்க்க முடியாது. நான்கு பால்மாடு. காலையில் பால் விற்ற காசில்தான் என் பள்ளிச் செலவும் அக்காவின் கல்யாணச் சீட்டும் ஓடின. வந்த விலைக்கு விற்றோம். அந்த வருமானம் யாருடைய இழப்பீட்டுத் தாளிலும் ஒரு வரியாகக்கூட இல்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த மரவள்ளி, முருங்கை, வாழை எதுவும் இல்லை.

முதலீட்டாளர் செலவு எழுதும் தாளை நான் பிறகு பார்த்தேன். எங்கள் தோட்டத்தினுடையது இல்லை, பொதுவாக எப்படிப் போடுவார்கள் என்று இந்தத் தொழிலில் இருக்கும் நண்பர் காட்டினார். நிலத்தின் விலை, முத்திரை வரி, வழக்கறிஞர், விவசாய நிலத்தை மனையாக மாற்ற மாநிலத்துக்குக் கட்டும் பிரீமியம், அளவைச் செலவு, மண் நிரப்பும் செலவு, சாலை, கால்வாய், மின்சாரம், வங்கி வட்டி, விளம்பரம். கீழே ஓரத்தில் "காலி செய்யும் செலவு" என்று ஒரு வரி. மரத்தை வெட்டி அகற்றுவதும் ஆளை அகற்றுவதும் அந்த ஒரே வரியில்தான். இதைப் பார்த்து நான் சத்தம் போட்டேன். நண்பர் பயந்துபோய்த் தாளை மடித்து வைத்தார். அவர் மேல் என்ன தப்பு? அவர் கற்ற கணக்கு அது. மாநிலத்துக்குப் பிரீமியம் கட்டவில்லை என்றால் வேலை நடக்காது, அதனால் அது பெரிய எழுத்தில் இருக்கிறது. லயத்து ஆளுக்குக் கொடுக்கவில்லை என்றால் ஒன்றும் ஆகாது, அதனால் அவன் ஓரத்தில் இருக்கிறான்.

சட்டம் எங்களை மறக்கவில்லை, நன்றாக ஞாபகம் வைத்துக்கொண்டுதான் விலக்கியிருக்கிறது. 1960ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தை எடுத்துப் படியுங்கள். நெடுஞ்சாலைக்கோ வேறு பொதுக் காரியத்துக்கோ நிலம் எடுத்தால் இழப்பீடு கேட்கும் உரிமை யாருக்கு என்று சொல்கிறது. நிலத்துக்காரர் இருக்கச் சொல்லும் வரை குடியிருப்பவருக்கு அந்த உரிமை இல்லை என்று சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். 2011இல் லாத்தார் நெடுஞ்சாலை திறந்து ஈஜோக்கும் அசாம் ஜாவாவும் கோலாலம்பூருக்குக் கிட்டத்தில் வந்தன. அந்தப் பக்கத்து நிலத்துக்கு மவுசு ஏறியது. ஏறிய மவுசில் லயத்துக்கு என்ன வந்தது? லாரி தூசி வந்தது.

தேசிய நிலச் சட்டத்தில் 214ஏ பிரிவு என்று ஒன்று இருக்கிறது. துண்டாடலில் அடிபட்ட பிறகு வந்தது. 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலம் கைமாறத் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். நல்லது. விற்பவர் விண்ணப்பம் போடுவார், வாங்குபவர் இருப்பார், வாரியம் இருக்கும். அந்த மேசையில் பால்மரம் வெட்டுகிறவனுக்கு நாற்காலி போட்டதை நான் பார்த்ததில்லை.

இனி ஐந்து தோட்டக் கதைக்கு வருகிறேன். இது ஊரறிந்தது. பெஸ்தாரி ஜெயா, 2007 வரை பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் சொன்ன ஊர். அதைச் சுற்றி மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் என்று ஐந்து தோட்டங்கள். 1990-களில் கைமாறின. அன்றிலிருந்து வீடு, வீடு என்று அந்த மக்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஊர்வலம் போனார்கள், மனு கொடுத்தார்கள், மந்திரிகளுக்கு மாலை போட்டார்கள். மாலை வாங்கிய மந்திரிகள் மாறினார்கள், கட்சி மாறியது, ஆட்சியே மாறியது. கால் நூற்றாண்டு கடந்து, இப்போதுதான் 245 குடும்பங்களுக்குத் தரைவீடு என்று காரியம் நகர்கிறது. பெர்ஜாயா குழுமம் 20 ஏக்கர் கொடுக்கிறது, கூட்டரசு அரசாங்கம் கட்டுகிறது. நான் குறை சொல்ல வரவில்லை. கொடுத்தவர்களுக்கும் விடாமல் பிடித்து இழுத்தவர்களுக்கும் கும்பிடு. ஆனால் அதே வட்டாரத்தில் நடந்த இன்னொரு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

2005இல் புக்கிட் தாகாரில் குப்பை நிரப்பும் இடம் திறந்தது. கோலாலம்பூரின் குப்பை தாமான் பெரிங்கினில் சேர்ந்து, அங்கிருந்து பெரிய லாரிகளில் இங்கே வருகிறது. குப்பை கொட்ட 700 ஏக்கர். அது போக, வாடையும் சத்தமும் வெளியே போகாமல் இருக்கச் சுற்றிலும் சும்மா விட்ட நிலம் 1,000 ஏக்கர். இதில் தப்பு இல்லை, குப்பைக்கு அப்படித்தான் ஒதுக்க வேண்டும், விஞ்ஞானம் அது. நான் கேட்பது ஒன்றுதான். குப்பை வருவதற்கு முன்பே அதன் இடத்தை அளந்து, வேலி போட்டு, சுற்றுப்புறத்தையும் ஒதுக்கி, எல்லாவற்றையும் தாளில் எழுதி முடித்தார்களே, மனிதனுக்கு மட்டும் ஏன் வாயால் சொன்னார்கள்? வாடை தள்ளி நிற்க ஆயிரம் ஏக்கர், ஆள் குடியிருக்க இருபது ஏக்கர். அந்த ஆயிரம் உடனே கிடைத்தது. இந்த இருபதுக்கு, கேட்டவர்களில் பல பேர் சுடுகாட்டுக்குப் போகும் வரை ஆனது.

இந்த இடத்தில் நம்மையும் திட்ட வேண்டியிருக்கிறது. கோயிலை எடுக்கப்போகிறார்கள் என்று சொன்னால் கோலாலம்பூரிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் வண்டி வண்டியாக ஆள் வருகிறது, தொலைக்காட்சி வருகிறது, தலைவர் வேட்டி கட்டிக்கொண்டு வருகிறார். லயத்தை உடைக்க மண்வாரி இயந்திரம் வந்தால் எட்டு வீட்டுக்காரர்கள் மட்டும்தான் நிற்கிறோம். சாமிக்கு மாற்று நிலம் வாங்கிய தோட்டங்கள் எத்தனையோ உண்டு. பூசாரிக்கும் பக்தனுக்கும் மாற்று நிலம் வாங்கிய தோட்டங்களை எண்ண ஒரு கை போதும். அம்மன் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

தேர்தல் வந்தால் மட்டும் எங்கள் நிலத்துக்கு விலை வரும். 2007 ஏப்ரலில் ஈஜோக் இடைத்தேர்தல். அந்தச் சில வாரத்தில் சாலைகளுக்குத் தார் வந்தது, கம்பங்களுக்கு விளக்கு வந்தது. இவ்வளவு சுலபமாகச் செய்ய முடிந்த காரியமா இது என்று கிழவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். தார் போட்டவர்களிடம் பட்டா கேட்டிருக்க வேண்டும். நாங்கள் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கிக்கொண்டோம்.

என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். முதலீட்டுப் பேச்சாளர்கள் கேட்கட்டும். எங்கள் பழைய தோட்ட நிலத்தில் புது நகரம் எழுந்தது. இப்போதெல்லாம் தோட்டப் பேரையே விளம்பரத்துக்கு வைத்துக்கொள்கிறார்கள். எல்மினா தோட்டப் பேரிலும் கோல்பீல்ட்ஸ் தோட்டப் பேரிலும் இன்று பெரிய குடியிருப்பு நகரங்கள் விற்பனைக்கு இருக்கின்றன. பேருக்கு மவுசு இருக்கிறது, பேர் வைத்திருந்த ஆளுக்குத்தான் இல்லை. நான் வாங்கப் போன இடம் வேறு. விற்பனைக் கூடத்தில் குளிர்சாதனம், காபி, பெரிய கண்ணாடிப் பெட்டிக்குள் நகரத்தின் மாதிரி. பிளாஸ்டிக் மரம், சின்னச் சின்ன கார், நீலத் தாளில் ஒரு ஏரி. அம்மாவையும் கூட்டிப் போயிருந்தேன். அவள் பெட்டியைச் சுற்றி இரண்டு தடவை நடந்து, ஒரு இடத்தில் நின்று குனிந்தாள்.

"இங்கதான்டா ஆயாக் கொட்டகை இருந்துச்சு. ஒன்ன இங்கதான் போட்டுட்டு வெட்டுக்குப் போவேன்."

விற்பனைக்கு நின்ற பிள்ளை நம் பிள்ளைதான், நெற்றியில் பொட்டு வைத்திருந்தாள். "ஆன்டி, கண்ணாடியில சாயாதீங்க. அது லேக்கு. லேக்கு பக்கம் வீடு எடுத்தா இருபதாயிரம் கூட வரும்."

அம்மா கையை எடுத்துக்கொண்டு சேலையில் துடைத்துக்கொண்டாள். பால் குடிக்கும் வயதில் என்னை அவள் விட்டுப் போன இடத்தின் ஓரத்தில் இருக்க இருபதாயிரம் கூடுதல். அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவளுக்கும் மாதக் கடைசியில் கமிஷன் வேண்டும். ஏரி பார்க்காத வரிசையில் எடுத்தேன்.

விலை 420,000 வெள்ளி. பத்து விழுக்காடு முன்பணம், 42,000. சேமநிதியின் இரண்டாம் கணக்கைச் சுரண்டினேன், மனைவியின் நகை போனது. முத்திரை வரி முதல் இலட்சத்துக்கு 1 விழுக்காடு, மிச்சத்துக்கு 2 விழுக்காடு, 7,400. கடன் ஒப்பந்தத்துக்கு அரை விழுக்காடு, 1,890. வழக்கறிஞர், காப்புறுதி, மதிப்பீட்டு வரி, நிலவரி, கதவுக்குக் கம்பி, சன்னலுக்குக் கம்பி. 378,000 வெள்ளிக் கடன், 4.25 விழுக்காடு வட்டி, 35 வருடம். மாதம் 1,731. வட்டி மாறாமல் கடைசி வரை கட்டினால் கிட்டத்தட்ட 727,000 வெள்ளி. கடன் முடியும்போது எனக்கு வயது எழுபதை நெருங்கிவிடும். ஒரு மாதம் தவறினால் கடிதம், மூன்று மாதம் தவறினால் ஏல நடவடிக்கை. வங்கிக்காரனின் கையில் என் கையெழுத்துப் போட்ட தாள் இருக்கிறது, அதனால் அவன் கேட்கிறான். அப்பாவிடம் அப்படி ஒரு தாள் இருந்திருந்தால் அவரும் கேட்டிருப்பார்.

இதைத்தான் "நல்ல முதலீடு" என்கிறார் பேச்சாளர். பத்து வருடத்தில் விலை இரட்டிப்பாகும், விற்றுவிட்டு அடுத்ததை வாங்கு என்கிறார். 2022 முதல் குடிமகன் ஒருவர் ஐந்து வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் சொத்து ஆதாய வரிகூட இல்லையாம். சரி ஐயா. எங்கள் குடும்பம் அந்த மண்ணில் எழுபது வருடத்துக்கு மேல் இருந்ததே, எங்களுக்கு ஆதாயமும் இல்லை, அதனால் வரியும் இல்லை. இதில் மட்டும் சட்டத்தோடு நாங்கள் ஒத்துப்போகிறோம்.

அப்பா இப்போது இல்லை. அந்த 10,800 வெள்ளியை என்ன செய்தார் என்றும் சொல்லிவிடுகிறேன். அக்காவின் கல்யாணக் கடனில் மிச்சம் இருந்ததைத் தீர்த்தார், வாடகை வீட்டுக்கு மூன்று மாத முன்பணம் கட்டினார், ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினார். பாதுகாவலர் வேலைக்குப் போக அது வேண்டியிருந்தது. ராத்திரி முழுக்கக் காவல் காத்தார். எந்த இடத்தில் தெரியுமா? மனையாக மாறிக்கொண்டிருந்த தோட்டத்தின் வாசலில். சிமெண்டும் இரும்புக் கம்பியும் திருடு போகாமல் பார்த்துக்கொள்ளத் தோட்டத்து ஆள்தான் நம்பிக்கையானவன் என்று அந்தக் கம்பெனிக்கும் தெரிந்திருந்தது.

தர்மம் வேண்டும் என்று யாரிடமும் கேட்கவில்லை. கணக்கில் விட்டுப்போன வரியைச் சேர்க்கச் சொல்கிறேன். தோட்ட நிலம் மனையாக வேண்டும் என்றால் தேசிய நிலச் சட்டத்தின் 124ஆம் பிரிவில் மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். நிபந்தனை போடும் அதிகாரம் மாநிலத்தின் கையில் இருக்கிறது. பிரீமியம் வாங்காமல் அவர்கள் ஒப்புதல் கொடுப்பதில்லை. அதே மாதிரி, அந்த நிலத்தில் உழைத்த குடும்பங்களுக்கு வீடும் தனிப் பட்டாவும் கைக்கு வராமல் ஒப்புதல் இல்லை என்று சிலாங்கூர் அரசு எழுதட்டும். புதுச் சட்டம் வேண்டாம், நாடாளுமன்றம் கூட வேண்டாம். ஒப்புதல் கடிதத்தில் ஒரு நிபந்தனை. மந்திரி பெசார் அவர்களே, ஆட்சிக்குழுவில் இருக்கும் நம் பிரதிநிதிகளே, இதைச் செய்ய எத்தனை தேர்தல் வேண்டும் உங்களுக்கு?

லயத்தில் இன்னும் பெற்றோர் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. தோட்டம் கைமாறப்போகிறது என்று காதில் விழுந்தால் கூட்டத்துக்காகக் காத்திருக்காதீர்கள். மேனேஜர் சொல்வதையும் தலைவர் சொல்வதையும் எழுத்தில் கேளுங்கள், தேதியோடு கேளுங்கள், எத்தனை வீடு, எந்த லாட், யார் பேரில் பட்டா என்று கேளுங்கள். நில அலுவலகத்துக்குப் போய் நிலத்தின் பட்டாவைத் தேடிப் பாருங்கள். கட்டணம் கட்டினால் யாருக்கும் காட்டுவார்கள். யார் பேரில் இருக்கிறது, எந்த வங்கியில் அடமானம், என்ன நிபந்தனை என்பதெல்லாம் அதில் இருக்கும். அறுநூறு நாள் சம்பளத்துக்குக் கையெழுத்துக் கேட்டு வந்தால், வீட்டுக்கான தாள் கைக்கு வராமல் போடாதீர்கள்.